உதிர்ந்த சருகை வாருவதா, விடுவதா?

கேட்டவர் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு முன்னால் புல்தரை, பின்னால் பூச்செடிகளும் நான்கைந்து காய்கறிப் பாத்திகளும், இரண்டு பெரிய மரங்கள். இலையுதிர் காலம் வந்தால் ஆறேழு வாரத்துக்கு விடுமுறை நாள் முழுக்கச் சருகு வாருவதிலேயே போய்விடுகிறது. மூட்டை கட்டி வாசலில் வைத்தால் குப்பை வண்டி எடுத்துப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ‘அப்படியே விடுங்கள், மண்ணுக்கு நல்லது’ என்கிறார். எதிர் வீட்டுக்காரரோ ‘விட்டால் புல் செத்துப்போகும், பூச்சி சேரும், மண் புளித்துவிடும்’ என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? இவ்வளவுதான் கேள்வி. ஆனால் கடைசி வரியில் ‘வாராமல் விட்டால் அது வெறும் சோம்பேறித்தனம் ஆகிவிடாதா’ என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு மண்ணியல். மண் பரிசோதனை செய்து கொடுப்பது, வீட்டுத் தோட்டங்களைப் பார்த்து யோசனை சொல்வது என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆண்டு தவறாமல் என்னிடம் வரும் கேள்வி இது. உங்கள் இரண்டு அக்கம்பக்கத்தாரும் பாதிப் பாதி சரி. இருவரும் சருகு நல்லதா கெட்டதா என்று பேசுகிறார்களே தவிர, அது எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரே இலை புல்தரை மேல் கனமாகப் படிந்தால் கேடு. செடியடியில் கிடந்தால் மண்ணைப் போர்த்தும் மூடாக்கு. மூலையில் குவித்து இரண்டு வருஷம் மறந்துவிட்டால் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத நல்ல மட்கு. தெருவோரச் சாக்கடை வாயில் கிடந்தால் தண்ணீரைக் கெடுக்கும் பொருள். அதனால் இந்த வேலையை அப்புறப்படுத்துவது என்று எடுத்துக்கொள்ளாமல், இடம் மாற்றுவது என்று எடுத்துக்கொண்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

மரம் இலையை விடுவதற்கு முன்னால் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். பகல் குறுகிக் குளிர் ஏறும்போது, வெப்ப நாடுகளில் வறட்சி தொடங்கும்போது, மரம் இலையிலுள்ள பச்சையத்தையும் புரதங்களையும் பிரித்து, அவற்றிலிருக்கும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏறத்தாழப் பாதி, சில மரங்களில் அதற்கும் மேல். பச்சை போனதும் அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்களில் வரும் சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. அப்புறம் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி இலை கழன்று விழுகிறது. ஆக, நம் முற்றத்தில் விழுவது மரம் வேண்டியதை எடுத்துக்கொண்டபின் விட்ட சக்கை. புதிதாக வெட்டிய புல்லில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 15 முதல் 20 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். சருகில் அது பெரும்பாலும் 40 முதல் 80 பங்கு. நுண்ணுயிர்கள் விறுவிறுவென்று மக்கவைக்க 25 முதல் 30 பங்கு இருந்தால் வசதி. சருகு ஏன் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது, ‘இலை போட்டேனே, செடி வளரவில்லையே’ என்று ஏன் பலர் குறைப்படுகிறார்கள் என்பதற்கெல்லாம் காரணம் இந்தக் கணக்குதான். சருகைச் செடிக்குச் சாப்பாடு என்று நினைக்காதீர்கள். அது மண்ணின் கட்டமைப்பைச் சீராக்கும் பொருள்.

இனி உங்கள் புல்தரை. எதிர் வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இதுதான். முழு இலைகள் கனமாகப் படிந்து, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டால், அடியிலுள்ள புல்லுக்கு வெளிச்சமும் காற்றும் போகாது. குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் புல் வகைகள் சில வாரங்களிலேயே வெளுத்துவிடும். பனி விழும் ஊராக இருந்தால் அந்த ஈர அடுக்குக்குக் கீழே பூஞ்சை பிடித்து, வசந்தத்தில் வட்ட வட்டமாக வைக்கோல் நிறத் திட்டுகள் தெரியும். ஆனால் அதற்குத் தீர்வு வாருவது மட்டும் அல்ல. புல் வெட்டும் இயந்திரத்தை அதே சருகின் மேல் ஓட்டினால் போதும். கத்தியை உயர்த்தி வைத்து, இலை காய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, முதலில் நீளவாக்கில் ஒரு தடவை, பிறகு குறுக்குவாக்கில் ஒரு தடவை ஓட்டுங்கள். துணுக்குகள் புல்லின் இடுக்குகளில் இறங்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறார்கள். ஓக், மேப்பிள் இலைகளைப் பொடித்துப் புல்தரையிலேயே விட்டும் புல்லின் தரம் கெடவில்லை. டேன்டேலியன் என்ற களை குறைந்ததையும் பார்த்தார்கள். இது எனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதி. என் கண்ணளவு இதுதான்: ஓட்டி முடித்தபின் நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்தால் இலைத் துணுக்குகளைவிடப் புல் அதிகமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இன்னொரு தடவை ஓட்டுங்கள், அப்படியும் தெரியவில்லையென்றால் மிச்சத்தை வாரிப் பாத்திக்குக் கொண்டுபோங்கள். எல்லாம் விழட்டும் என்று காத்திருந்து ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள். கணுக்கால் உயரம் சேர்ந்த ஈரச் சருகில் எந்த இயந்திரமும் திணறும். வாரம் ஒரு முறை ஓட்டுவது சுலபம். ஓட்டுவதற்கு முன் கல், குச்சி இருக்கிறதா என்று ஒரு நடை நடந்து பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

செடிப் பாத்திகளில் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் நான். வெற்று மண்ணை மழையும் வெயிலும் அடிக்க விடுவதைவிட மோசமான காரியம் தோட்டத்தில் அதிகம் இல்லை. சருகு மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காக்கும், களை முளைப்பதைக் குறைக்கும், மழைத்துளி நேரே மண்ணில் விழுந்து மேல்பரப்பை இறுக்கிவிடாமல் தடுக்கும். 5 முதல் 10 செ.மீ. கனம் போதும். ஆனால் செடியின் தண்டையும் மரத்தின் அடியையும் ஒட்டிக் குவிக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளியே போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஈரத்தில் பட்டை அழுகும், எலிகளும் அதற்குள் உட்கார்ந்து பட்டையைக் கடிக்கும்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். தோட்ட வேலைக்கு வந்த புதிதில், அகன்ற மேப்பிள் இலைகளைப் பொடிக்காமல், ‘நிறையப் போட்டால் நிறைய நல்லது’ என்ற நினைப்பில், ஒரு பூப்பாத்தி மேல் முழங்கால் உயரத்துக்குக் கொட்டினேன். வசந்தத்தில் போய்ப் பார்த்தால் உயரமெல்லாம் அமுங்கி, நனைந்த செய்தித்தாளை அடுக்கி வைத்ததுபோல ஒரு தகடு. விரலை நுழைத்து ஓர் ஓரத்தைத் தூக்கினால் விரிப்பு மாதிரி மொத்தமாக எழும்பியது. மேல்பக்கம் மழை ஈரம். அடியிலோ மண் பல இடங்களில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தகட்டின் மேலேயே வழிந்து ஓடியிருக்கிறது. அதன் கீழே முளைத்த செடிகள் வெள்ளை நூல் போலச் சுருண்டு, வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் அந்தப் பாத்தியில் பாதிச் செடி போயிற்று. அதிலிருந்து அகன்ற, மெல்லிய இலைகளைப் பொடிக்காமல் நான் பாத்தியில் போடுவதில்லை. ஓக் மாதிரிச் சுருண்டு நிற்கும் இலையும், ஊசியிலையும், சிறு இலைகளும் அவ்வளவு ஒட்டாது. அவற்றை அப்படியே போடலாம். மூடாக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சிவிடும் என்று ஒரு பயமும் உலாவுகிறது. காய்ந்த இலையை மண்ணுக்குள் கிளறிப் புதைத்தால் அது உண்மை. மக்கவைக்கும் உயிர்கள் மண்ணிலிருந்து தழைச்சத்தைக் கடன் வாங்கும், செடி சில காலம் மஞ்சள் தட்டும். மேலே பரப்பி விட்டால் அந்தப் பாதிப்பு மண்ணும் சருகும் தொடும் மெல்லிய இடத்தோடு நின்றுவிடும். வேர் இருக்கும் ஆழம் வரை போகாது.

அப்படியும் மிஞ்சும். இரண்டு பெரிய மரமென்றால் நிச்சயம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் இலைமட்கு செய்யுங்கள். இந்தப் பதிலில் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். கம்பி வலையை வளைத்து, ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கூடு செய்து நிழலான மூலையில் நிறுத்துங்கள். மூடி வேண்டாம். இலையைப் போடப் போட மிதித்து, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாக நனையுங்கள். வேலை அவ்வளவுதான். சாதாரணக் குப்பைக்குழியில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா. அதனால் சூடேறும், ஆவி வரும். இங்கே வேலை செய்வது பூஞ்சை. சூடு இருக்காது, அவசரம் இருக்காது. பொடித்த இலையானால் ஒரு வருஷத்தை ஒட்டி, முழு இலையானால் இரண்டு வருஷம். கெட்டியான, மெழுகு பூசியது போன்ற இலையானால் அதற்கும் மேல். கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: காய்ந்துபோவது. வெளியே மழை பெய்தாலும் குவியலின் நடுவில் இலை மொறமொறவென்று இருக்கும். கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நடுவில் ஒரு குழி செய்து தண்ணீர் விடுங்கள்.

இரண்டாம் வருஷக் கூட்டைத் திறந்து பார்க்கும் நாள் எனக்கு இன்றும் பிடித்த நாள். இடுப்பளவு இருந்தது முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும். மேலே ஒரு கை அகலத்துக்கு இன்னும் இலையாகவே இருக்கும். அதை ஒதுக்கினால் வெள்ளை இழைகள், ஒட்டடை மாதிரி, ஓர் இலையை இன்னோர் இலையோடு தைத்தது போல ஓடும். அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், தொட்டால் உதிரும். அடியில் இலை என்று எதுவும் தெரியாது. காப்பித்தூள் நிறத்தில் பொலபொலவென்று ஒரு பொருள், முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், கையை விரித்தால் பஞ்சு போலத் திரும்பிப் பொங்கும். தன் உலர்ந்த எடையைப் போலச் சில மடங்கு தண்ணீரை அது பிடித்துவைக்கும். சத்து அதில் குறைவு, அதை மறக்க வேண்டாம். ஆனால் மணற்பாங்கான மண்ணில் ஈரம் நிறுத்தவும், களிமண்ணை இளக்கவும் இதற்கு இணையாக வீட்டில் செய்துகொள்ளக்கூடியது வேறொன்றை நான் பார்த்ததில்லை. சல்லடையில் சலித்து, மணலோடு கலந்தால் விதை முளைக்கவைக்கவும் ஆகும்.

கூடு கட்ட இடமில்லாவிட்டாலும் ஒன்றும் நஷ்டமில்லை, மண்புழுக்கள் இருக்கின்றன. இரவு நேரம் ஈரமான தரையில் விளக்கை மங்கலாகப் பிடித்துப் பார்த்தால், இலைகள் மெல்ல நகர்ந்து, சுருண்டு, வளைக்குள் போவது தெரியும். டார்வின் 1881-ல் வெளியிட்ட தம் கடைசி நூலில் இதைத்தான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். வளைகளிலிருந்து உருவி எடுத்த 227 வாடிய இலைகளில் 181 இலைகளைப் புழுக்கள் நுனிப் பக்கமாகப் பிடித்து இழுத்திருந்தனவாம். 20 இலைகள் மட்டுமே காம்படிப் பக்கமாக, மீதி 26 நடுவில் பிடித்து. குறுகலான நுனியைப் பிடித்தால் வளைக்குள் சுலபமாக இறங்கும் என்பது ஏதோ ஒரு விதத்தில் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் மூட்டை கட்டி வெளியே வைப்பது அவற்றின் குளிர்காலச் சேமிப்பை.

சமையலறைக் கழிவை உரமாக்குகிறவராக இருந்தால் இன்னொரு பழக்கமும் சொல்கிறேன். இரண்டு மூட்டை காய்ந்த சருகை, நனையாத இடத்தில், உரத்தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி காய்கறிக் கழிவு கொட்டினால் அதன் மேல் இரண்டு மூன்று வாளி சருகு. நாற்றமும் ஈயும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வருஷம் முழுக்க ஈரக் கழிவு கிடைக்கும், காய்ந்தது கிடைக்காது என்பதுதான் வீட்டு உரத்தொட்டிகளின் பொதுவான வியாதி. உங்களுக்கு மருந்து மரத்திலிருந்து கொட்டுகிறது.

மண் புளித்துவிடும் என்ற பேச்சுக்கு வருவோம். ஓக் இலையும் பைன் ஊசியிலையும் மண்ணை அமிலமாக்கும் என்று பல தோட்டக்காரர்கள் பரம்பரையாக நம்புகிறார்கள். விழுந்த புதிதில் அந்த இலைகள் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளவைதான். ஆனால் மக்க மக்க அந்தத் தன்மை குறைந்து நடுநிலையை நெருங்கும். மேலே பரப்பிய சருகால் கீழே வேர் மண்டலத்தின் பி.எச். அளவு, அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, குறிப்பிடும்படி மாறுவதில்லை. பைன் காட்டு மண் புளிப்பாக இருப்பது வேறு காரணங்களால். புளிப்பு மண்ணைத் தாங்கும் மரம் அங்கே வளர்ந்தது என்பதும் அதில் ஒன்று. சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், மண்ணைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள்.

கறுப்பு வால்நட் மரத்தின் கதை இவ்வளவு தெளிவு இல்லை. அதன் இலை, வேர், காயின் தோல் எல்லாவற்றிலும் ஜுக்லோன் என்ற பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் அது தக்காளி போன்ற செடிகளை வாட்டுகிறது என்பது நிச்சயம். தோட்டத்து மண்ணில், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில், எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நல்ல சூடேறும் உரக்குவியலில் சில வாரங்களில் அது சிதைந்துவிடும். அதனால் நான் செய்வது இது: வால்நட் இலையை மக்கவைத்துத்தான் காய்கறிப் பாத்திக்குப் போடுவேன், பச்சையாகப் போடமாட்டேன். யூகலிப்டஸுக்கும் அதே எச்சரிக்கை. அதன் எண்ணெயும் கெட்டித்தன்மையும் குறைய வருஷக்கணக்கு ஆகலாம். நடைபாதையில் போட அது நல்ல பொருள்.

‘பூச்சி சேரும்’ என்பது உண்மைதான், ஆனால் அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பல அந்துப்பூச்சிகளும் சில பட்டாம்பூச்சிகளும் கூட்டுப்புழுவாகச் சருகுக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மின்மினிப் புழுக்களும் அங்கேதான். இளம் ராணி வண்டுத்தேனீ (பம்பிள்பீ) சருகுக்கு அடியில் மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் தூங்குகிறது. முதுகெலும்பில்லா உயிர்களின் பாதுகாப்புக்காக வேலை செய்யும் செர்சஸ் சங்கம் இதனால்தான் ‘இலைகளை விட்டுவையுங்கள்’ என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்காமல் சொல்ல வேண்டும்: நான் மேலே சொன்னபடி இயந்திரம் ஓட்டிப் பொடித்தால் அந்தக் கூட்டுப்புழுக்களும் சேர்ந்து பொடியாகும். இரண்டு நன்மையையும் ஒரே இலையில் பெற முடியாது. புல்தரை மேல் விழுந்ததைப் பொடியுங்கள், மரத்தடியிலும் வேலியோரத்திலும் விழுந்ததைத் தொடாதீர்கள் என்பதே நான் கண்ட சமரசம். மரத்தைச் சுற்றிக் கிளைகள் பரவிய அளவுக்கு ஒரு வட்டம் விட்டுவிட்டால், அதுவே பார்க்கத் திட்டமிட்ட பாத்தி மாதிரி இருக்கும். வசந்தத்தில் எப்போது சுத்தம் செய்யலாம்? சில நாள் தொடர்ந்து 10 பாகை செல்சியசுக்கு மேல் போனதும் செய்யலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது ஒரு தோராயம்தான். ஒவ்வொரு பூச்சியும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். முடிந்தவரை தள்ளிப்போடுங்கள், அந்த வட்டத்தை அப்படியே விட்டால் இன்னும் நல்லது.

விட்டுவைக்கக் கூடாத இலைகளும் உண்டு. ஆப்பிள் மரம் இருந்து, அதில் சொறிநோய் வந்திருந்தால், அந்தப் பூஞ்சை உதிர்ந்த இலையில்தான் குளிர்காலம் கழித்து, வசந்த மழையில் வித்துகளைத் தெறிக்கும். அந்த இலைகளை வாரி எடுத்துவிட வேண்டும், அல்லது நன்றாகப் பொடித்துவிட வேண்டும். ஆப்பிள் தோட்டங்களில் உதிர்ந்த இலை மேல் 5 சதவீத யூரியாக் கரைசல் தெளிப்பதும் இதற்காகத்தான். இலை சீக்கிரம் மக்கிவிட்டால் பூஞ்சைக்கு இடமில்லை. ரோஜாவின் கரும்புள்ளி நோயும் அப்படியே, செடியடியில் ஓர் இலைகூட விடாதீர்கள். இப்படிப்பட்ட இலைகளைச் சூடேறாத இலைமட்குக் கூட்டில் போடக் கூடாது. நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, கிளறிவிடப்பட்டு, சில நாள் அப்படியே நிற்கும் உரக்குவியலானால் பரவாயில்லை. உண்மையில் வீட்டுக் குவியல்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. மேப்பிள் இலையில் தார் சொட்டினது மாதிரி வரும் கரும்புள்ளிக்கு மட்டும் இவ்வளவு பயப்பட வேண்டாம், பார்க்க அசிங்கமே தவிர மரத்துக்குப் பெரிய கேடில்லை.

இடத்தைப் பொறுத்தும் சருகை எடுத்தே ஆக வேண்டிய சில கட்டாயங்கள் உண்டு. நடைபாதை, படிக்கட்டு — வழுக்கி விழுவதற்கு ஈரச் சருகை மிஞ்சியது இல்லை. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தாரைகள். மீன் தொட்டி, குளம்: உள்ளே அழுகும் இலை தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், உதிரும் காலத்துக்கு மட்டும் மேலே வலை கட்டுங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதியானால் வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டருக்குள் காய்ந்த இலை எதுவும் இருக்கக் கூடாது. அங்கே நான் மேலே சொன்ன மூடாக்குப் பாடமெல்லாம் செல்லாது. உண்ணிகள் மனிதருக்கு நோய் பரப்பும் பகுதியானால், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் தோட்டத்தின் காட்டோர விளிம்பிலும் சருகைக் குவிக்காதீர்கள், புல்தரைக்கும் புதருக்கும் இடையே ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரளையோ மரச்சில்லுகளோ போடுங்கள். பாம்பு, தேள் உள்ள இடத்தில் பழைய குவியலுக்குள் வெறுங்கையை விடவே கூடாது. கோலால் கிளறிவிட்டு, கையுறையோடு தொடுங்கள். நான் முழங்கை வரை கையை விடச் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சருகைத் தெருவோரம் தள்ளிவிட்டால் வீட்டைவிட்டுப் போயிற்று என்று நிம்மதி. மழை பெய்யும்போது அந்த இலைகள் தேயிலை மாதிரி ஊறும். அதில் இறங்கும் மணிச்சத்து மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். அமெரிக்காவில் மேடிசன் நகரத் தெருக்களில் இதை அளந்து அந்நாட்டு நிலவியல் ஆய்வுத்துறை 2016-ல் வெளியிட்டது. இலையை அள்ளாத பகுதியில், குளிர்காலம் நீங்கலாக, ஓர் ஆண்டு மழைநீரில் போன மணிச்சத்தில் 56 சதவீதம் இலையுதிர் காலத்தில் மட்டுமே போயிருந்தது. மழைக்கு முன் தெருவிலிருந்த இலையை அள்ளிய பகுதியில் அந்தக் காலத்து மணிச்சத்து 84 சதவீதம் குறைந்தது. உங்கள் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், புல்தரையை விட்டுவிட்டு வாசல் தெருவையும் சாக்கடை வாயையும் முதலில் பாருங்கள்.

கொளுத்துவது வேண்டாம். ஈரச் சருகு எரியாது, புகையும்; அந்தப் புகையில் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் போன்றவையும் இருக்கின்றன. பல ஊர்களில் சட்டப்படி தடையும் உண்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வாரித்தான் ஆக வேண்டிய இடங்களுக்கு ஒரு சின்ன யோசனை. சருகைக் குவித்துக் குனிந்து அள்ளி மூட்டையில் போடுவதால்தான் இடுப்பு போகிறது. தார்ப்பாயை விரித்து அதன் மேலேயே வாரித் தள்ளி, நான்கு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். காற்று அடிக்கும் திசையிலேயே வாருங்கள், எதிர்த்து வாராதீர்கள். இலை லேசாக ஈரமாக இருக்கும் காலை நேரம் வாருவதற்கு நல்லது. பொடிப்பதற்குத்தான் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஊதும் இயந்திரத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பாதி நேரம் இலை பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.

இதில் எனக்கு உள்ள எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மரங்கள் என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. பனி விழும் ஊரா, காட்டுத்தீ ஊரா, உண்ணி உள்ள இடமா என்பதும் தெரியாமல் எழுதியிருக்கிறேன். சருகை எப்படி வைக்கலாம் என்று உங்கள் உள்ளாட்சியில் தனி விதி இருந்தால் அதுதான் முந்தும். சோம்பேறித்தனம் என்ற உறுத்தலுக்கு என் பதில்: புல்தரை மேல் கனமாகப் படிந்ததையும் தெருவில் கிடப்பதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அது சோம்பேறித்தனம்தான். மரத்தடியில் விழுந்ததை மரத்தடியிலேயே விட்டால் அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்’ என்று பழமொழி இருக்கிறது. காடுகளில் விழுந்த ஓலையைத் தின்றுதான் குருத்து வளர்கிறது, சிரிக்க அதற்கு ஏது நேரம்.

இந்த வருஷத்துக்கு ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் மூட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் மூட்டைகள் என்றால் வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வாயை அவிழ்த்து ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் விட்டு, திரும்பக் கட்டி, பக்கங்களில் முள்கரண்டியால் பத்துப் பதினைந்து துளை போட்டு, வீட்டுக்குப் பின்னால் நிழலில் சாய்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உதைத்துப் புரட்டிவிட்டு, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பைகளின் மேல் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த வருஷத்து மூட்டை எது என்று பின்னால் நினைவிருக்காது.